கல்யாணத்துக்கு வந்த கப்பல்

என் கல்யாணம் நிற்கப் பார்த்தது ஒரு சங்கால். அதுவும் நானே பார்த்துப் பார்த்துச் செய்த சங்கு.

என் வேலை, சத்தங்களைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் வாத்தியமாக்குவது. சாம்ப்ளர் என்று ஒரு மென்பொருள். ஒரே ஒரு சத்தத்தைக் கொடுத்தால் போதும், கீபோர்டின் எல்லாக் கட்டைகளிலும் அதைப் பரப்பி வைத்துவிடும். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி ஆறு மாதம் முன்புதான் வங்காளத்துக் கார்டன் ரீச்சுக்கு வந்திருந்த துறைமுக அதிகாரி என் வருங்கால மாமனார். அவருக்கு இதை மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும், "சரி தம்பி, ஆபீஸ் எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவருக்குத்தான் என் உத்தியோகம் பிடிபடவில்லை.

"அழைப்பு வீடியோவுக்கு நீங்களே மியூசிக் போடுங்க. நல்லாருந்தா மேற்கொண்டு பேசுவோம்," என்றார். பரீட்சை!

விடுவேனா? கல்யாணம் என்றால் மங்கலமான சத்தம் எது? அதே ஊர் லேக் கார்டன்ஸிலேயே பிறந்து வளர்ந்த எனக்குச் சந்தேகமே வரவில்லை: சங்குதான். எதிர் ஃபிளாட் வங்காளி அம்மாள் எங்களுக்குக் காகிமா, அதாவது சித்தி. சாயங்காலம் விளக்கேற்றியதும் மூன்று முறை சங்கு ஊதுவார். அவரிடம் போய் மைக்கை நீட்டினேன்.

மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாக ஊதச் சொன்னேன். கட்டையை அழுத்துகிற வேகத்துக்கு ஏற்ற சத்தம் வேண்டுமே. காகிமாவுக்கு மெதுவாக ஊதவே தெரியாது. போதாக்குறைக்கு நடுவில் காக்கா, குக்கர், கீழே மீன்காரர். ஒவ்வொரு தடவையும் "ஆபார்?", அதாவது மறுபடியுமா, என்று முறைத்துவிட்டு, முகம் சிவக்க ஊதினார். பதினோராவது தடவைதான் சுத்தமாக வந்தது. கல்யாணத்துக்கு நானே நேரில் வந்து ஊதிவிட்டுப் போகிறேன், இந்த மெஷினெல்லாம் எதற்கு என்று திட்டிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினேன். மூச்சு வாங்கும் இடங்களை நறுக்கினேன். சத்தம் முடியாமல் சுற்றிச் சுற்றி வரும்படி லூப் போட்டேன். ஒரு மயிரிழை தப்பாக வெட்டினாலும் டிக் டிக் என்று இடிக்கும், சனியன். மேல் கட்டைகளில் கொசு, கீழ்க் கட்டைகளில் எருமை, நடுவில் மட்டும் தெய்வீகம். வீடியோவைப் பெருமையாக மாமனாருக்கு அனுப்பினேன்.

பத்தாவது நிமிஷம் அவர் பெண் போன் செய்தாள்.

"லூசா நீ? கல்யாணத்துக்குப் போய்ச் சங்கு ஊதியிருக்க!"

"மங்கலம்தானே?"

"எங்க ஊர்ல பாடைக்கு முன்னாடி ஊதுவாங்க!"

ஒருவன் கதை முடிந்தால் 'சங்கு ஊதியாச்சு' என்று நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். வீட்டுத் தமிழில் இருந்த சங்கும் எதிர் வீட்டில் ஊதிய சங்கும் என் மண்டைக்குள் ஒரு நாளும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

"அப்பா கேட்டாச்சா?"

"கேட்டாச்சு. என்ன சத்தம்னாரு. கப்பல் ஹாரன், உங்க வேலைக்கு மரியாதையா போட்டிருக்காருப்பான்னு சொல்லிட்டேன்."

அடிப்பாவி! முப்பது வருஷம் துறைமுகத்தில் குப்பை கொட்டிய மனிதரிடம் கப்பல் ஹாரனாம்!

"என்ன சொன்னார்?"

"இன்னொரு தடவை போட்டுக் கேட்டாரு."

சங்கைத் தூக்கி எறிந்துவிட்டு நாதஸ்வரம் போட்டு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. முகூர்த்தம் குறித்தார்கள். ஆனால் அவர் கண்டுபிடித்தாரா இல்லையா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு விஷயம் சுத்தமாக மறந்தே போனது.

சால்ட் லேக் மண்டபத்தில் தாலி கட்டிய கையோடு, முதல் வரிசையிலிருந்து காகிமா எழுந்தார். கைப்பையிலிருந்து சங்கை எடுத்தார். ஊதினார். பலமாகத்தான்.

தூத்துக்குடி சனம் அட்சதையோடு அப்படியே உறைந்து நின்றது. மாமனார் என் காதருகே குனிந்தார்.

"மாப்ள, உங்க கப்பல் கரைக்கு வந்துட்டு போல."

பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "ஏ, என்ன பாத்துட்டு நிக்கிய? இந்த ஊர்ல கல்யாணத்துக்குச் சங்குதான் ஊதுவாவ. அட்சதையப் போடுங்க!" என்று சத்தம் போட்டார்.

அட்சதை விழுந்தது. காகிமா என்னைப் பார்த்து, "ஆபார்?" என்றார். வங்காள மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத என் மாமனார்தான் தலையாட்டினார்.