கடினமான, சமமான, குளிர்ந்த இடம்

டென்மார்க்கின் லெம்விக் ஊரில் மருமகன்களுக்கு விருது கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால், எஸ்பென் ஓஸ்டர்கோர் அதை வருடாவருடம் தட்டிக்கொண்டு போயிருப்பார். மாமியார் போடில் வீட்டுப் புல்வெளியை வெட்டுவது அவர்தான். சாதாரண வெட்டல்ல. புல் தலைதூக்கலாமா என்று யோசிப்பதற்குள் வெட்டிவிடுவார். பனிக்காலத்தில் புல் இல்லை என்பதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை; கூரைக் குழாயில் இலை அள்ளினார், விறகு பிளந்தார், யாரும் கேட்காமலே கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். போடில் ஊறப்போடும் ஹெர்ரிங் மீன் அவருக்குச் சிறுவயதிலிருந்தே தொண்டையில் இறங்காத பண்டம். அதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்படி ஒரு நல்ல மனுஷனா என்று அக்கம்பக்கத்தார் வியந்தார்கள். நல்ல மனுஷன் எவனும் இவ்வளவு புல் வெட்டமாட்டான் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

எஸ்பெனுக்கு ஒரு பெரிய லேப்டாப் கம்பெனியில் உத்தியோகம். வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். வீட்டில் இதைச் சொல்லும்போது 'தகவல் தொடர்பு' என்பார். அதற்குமேல் மனைவி டில்டே கேட்டதில்லை. அந்தப் பிரிவில் பதில் எழுதுகிறவர்கள் நாடெங்கும் பலர்; ஆனால் எல்லாரும் கீழே போடும் பெயர் ஒன்றே: ராஸ்முஸ். ராஸ்முஸ் என்ற பெயருள்ள ஆளிடம் டென்மார்க்காரர்களால் நெடுநேரம் கோபமாக இருக்க முடியாது என்று கம்பெனி ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருந்தது. ஆராய்ச்சி தப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் மாமியாருக்கு ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. எஸ்பென் மார்தட்டிக்கொண்டு தன் கம்பெனியின் புது மாடலை ஊழியர் சலுகையில் வாங்கித் தந்தார். அழகான பொருள். சும்மா இருக்கும்போது சிங்கம். வேலை கொடுத்தால் உடம்பு சூடாகும். சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் அரசாங்க அலுவலகம் நடக்கிற மாதிரி நடக்கும். உள்ளே வெப்பத்தை வெளியேற்றும் தகடு தொழிற்சாலையிலேயே சரியாக உட்காரவில்லை என்பதுதான் விஷயம்.

கம்பெனிக்கு இது தெரியும். இலவசமாக மாற்றிக் கொடுக்கவும் தயார். ஒரே ஒரு நிபந்தனை: 'வெப்பத்தகட்டை மாற்றித் தாருங்கள்' என்று வாடிக்கையாளர் தாமாகவே கேட்க வேண்டும். தகடு என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. கேட்காதவர்களுக்கு அனுப்பத் தயாராக ஒரு பதில் இருந்தது:

"உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. லேப்டாப்பைக் கடினமான, சமமான, குளிர்ந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்தவும். இந்த நாள் இனிய நாளாகட்டும். ராஸ்முஸ்."

எஸ்பென் இதை அனுப்பியே வீட்டுக்கடனில் பாதி கட்டியிருந்தார். திட்டுகிறவர்களை அவரால் தாங்க முடியும். திருடா, மரமண்டை, உன் லேப்டாப்பில் முட்டை பொரிக்கலாம் என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது அவருக்கு ஒருவித நிம்மதிகூட உண்டு. ஒரு நாள் காலை வந்த புகாரைத்தான் தாங்க முடியவில்லை. எழுதியிருந்தவர் போடில்.

போடில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப்பின் ஊர் ஹேண்ட்பால் குழுவின் நேரலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் குழுவுக்கு ஆடும் பெண்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் கப்பலிலும் கடல் எண்ணெய்த் தளங்களிலும் வேலை செய்பவர்கள். போடிலின் லேப்டாப்தான் அவர்களுக்குக் கண். அந்தக் கண் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து மூடிக்கொண்டது. ஒரு முக்கியமான ஆட்டத்தில் பந்து கோலுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய்த் தளத்திலிருந்து ஓர் அப்பா, "பந்து உள்ளே போச்சா இல்லையா?" என்று வாரக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே மாடியிலிருந்து இறங்கிப் போய் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், நீயும் ராஸ்முஸா என்று கேட்பார். எஸ்பென் யோசித்தார். யோசித்து, கடினமான, சமமான, குளிர்ந்த இடத்தை அனுப்பினார். பிறகு போய்ப் புல் வெட்டினார்.

போடில் திட்டவில்லை என்பதுதான் வினை. "அன்புள்ள ராஸ்முஸ், உடனே பதில் எழுதினதுக்கு நன்றி" என்று எழுதினார். லேப்டாப்பை மாவு பிசையும் பளிங்குக் கல்லின்மேல் வைத்துப் பார்த்ததாகச் சொல்லிப் படமும் அனுப்பினார். பலனில்லை. அடுத்து நிலவறைத் தரை. அடுத்து, உறைந்த பட்டாணிப் பாக்கெட் வைக்கலாமா என்று கேட்டார். தண்ணீர் இறங்கிவிடும், வேண்டாம் என்று எஸ்பென் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்தார். தன் மனசாட்சி உயிரோடுதான் இருக்கிறது என்று அன்று கொஞ்சம் ஆறுதல்பட்டார். போடிலின் புகார் வேறு யார் கைக்கும் போகாமல் தானே எடுத்துக்கொண்டார். இதையும் அன்பு என்றே கணக்கில் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் குழந்தை வண்டி. அந்த ஊரில் கைக்குழந்தைகளை வண்டியில் போட்டு வாசல் குளிரில்தான் தூங்க வைப்பார்கள். பேத்தி அப்படித் தூங்குவதைப் பார்த்த போடிலுக்குப் பொறி தட்டியது. பரணிலிருந்து பழைய வண்டியை இறக்கி, பலகை போட்டு, அதில் லேப்டாப்பைக் கிடத்தி, விளையாட்டு அரங்கத்து வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுத்துக்கொண்டார். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கொஞ்ச வந்து, முகம் மாறிப் போனார்கள். முதல் பாதி பிரமாதமாக ஓடியது. இடைவேளையில் மழை வந்தது; லேப்டாப் மட்டும் தப்பியது.

"அன்புள்ள ராஸ்முஸ்," என்று எழுதினார் போடில். "நீ சொன்னதுதான் சரி, குளிர்ந்த இடம் உதவுகிறது. மழைக்கு நீ பொறுப்பில்லை. நாள் முழுக்க எங்களைப் போன்றவர்களுக்கு எழுதி உனக்குக் கை வலிக்காதா? அங்கே காபி குடிக்கவாவது விடுவார்களா?"

அன்று எஸ்பென் பக்கத்து வீட்டுப் புல்லையும் சேர்த்து வெட்டினார்.

ஏப்ரலில் போடிலுக்கு எழுபதாவது பிறந்தநாள். கொடிமரத்தில் கொடி, மேஜையெல்லாம் குட்டிக் கொடி, அடுக்கு கேக், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தம். பிறந்தநாளுக்கு உரியவரைக் கிண்டலடித்துப் பாட்டுக்கட்டி, தாளில் அச்சடித்து, கையில் கொடுத்து எல்லாரையும் பாடவைப்பது அங்கே விடமுடியாத சடங்கு. பாட்டுக் கட்டியவர் போடிலின் மகன் ஹோல்கர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். குரலும் கிரேன் மாதிரிதான்.

"எஸ்பென், இந்தா தாள். உன் கம்பெனிப் பேரு வருது, கோவிச்சுக்காதே," என்றார்.

எஸ்பென் தாளைப் பார்த்தார். பாட்டு முழுக்க ராஸ்முஸ். ஒவ்வொரு சரணமும் பல்லவிக்கு வந்து முடிந்தது: 'கடினமான, சமமான, குளிர்ந்த இடம்!'

"அந்த ராஸ்முஸ எப்பவாவது பாத்திருக்கியா நீ?" என்று கேட்டார் ஹோல்கர்.

"பெரிய கம்பெனிப்பா... எல்லாரையும் எங்க பாக்கிறது."

"பாத்தா சொல்லு. கிரேன்ல கட்டித் தொங்கவிட்டு, எது சமமான இடம்னு நான் காட்டுறேன்."

"அவன் எங்க வரப்போறான்?" என்றாள் டில்டே. "மனுஷனே இல்ல அவன். மெஷினு. எல்லாருக்கும் ஒரே பதில்."

"மெஷினெல்லாம் இல்ல," என்றார் போடில் வெடுக்கென்று. "பட்டாணி வேணாம், தண்ணி இறங்கிடும்னு எழுதினான். மெஷினுக்கு அவ்வளவு அக்கறை வருமா? பாவம், யாரோ ஒருத்தி பெத்த பிள்ளை. சொல்லவிடாம வாயக் கட்டிப் போட்டிருப்பாங்க. அவனத் திட்டாதீங்க."

எஸ்பென் தட்டில் ஹெர்ரிங் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. அவரும் பாடினார். பாடாமல் இருந்தால் தெரிந்துவிடும். கடைசிக்கு முந்திய சரணத்தை எல்லாரும் மேஜைக்கு அடியில் புகுந்து கிசுகிசுப்பாகப் பாட வேண்டும், கடைசிச் சரணத்தை நாற்காலிமேல் ஏறி நின்று தொண்டை கிழியப் பாட வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. இதுவும் சடங்குதான். வங்கி மேலாளர் முதல் பாதிரியார் வரை தவழ்ந்து உள்ளே போனார்கள். வெள்ளை விரிப்பு தரைவரை தொங்கியது. எஸ்பென் தவழ்ந்து போய் நிமிர்ந்தால், எதிரே முழங்காலில் எழுபது வயது மாமியார், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஏன் பாட்ட நிறுத்திட்டே?" என்று கிசுகிசுத்தார் போடில்.

"ராஸ்முஸ் நான்தான்," என்றார் எஸ்பென்.

"என்ன?"

"உங்களுக்கு எழுதினது எல்லாம் நான்தான். ராஸ்முஸ்."

சுற்றிலும் காலுறைகளுக்கு நடுவே கிசுகிசுப்பாகப் பல்லவி ஓடிக்கொண்டிருந்தது.

"கல்லுமேல வைக்க வச்சது?"

"நான்."

"பட்டாணி வேணாம்னது?"

"நான்."

"அது மட்டும் நல்ல யோசனை." மறுபடி யோசித்தார். "காபி குடிக்க விடுவாங்களான்னு கேட்டேனே, அதுக்குப் பதிலே வரலியே?"

"அதுக்கு எழுதி வச்ச பதில் எங்ககிட்ட இல்ல."

அப்புறம் எஸ்பென் மளமளவென்று மீதியைக் கொட்டினார். எங்கே வைத்தாலும் அப்படித்தான். உள்ளே தகடு கோளாறு. அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்காதவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

"நான் உன் மாமியார் எஸ்பென்."

"அதனாலதான் சொல்ல முடியல."

மேலே ஹோல்கர் "நாற்காலி!" என்று முழங்கினார். எல்லாரும் முண்டியடித்து வெளியே வந்தார்கள். எஸ்பென் கைகொடுத்தார். போடில் அந்தக் கையை விட்டுவிட்டு மேஜைக்காலைப் பிடித்து எழுந்து, நாற்காலியில் தானே ஏறி, எல்லாரையும் விடச் சத்தமாகப் பல்லவியைப் பாடினார்.

பாத்திரம் கழுவும் சாக்கில் எஸ்பென் அடுக்களையில் ஒதுங்கினார். போடில் உள்ளே வந்து ஒரு கோப்பையில் காபி ஊற்றி முன்னால் வைத்தார்.

"இந்தா ராஸ்முஸ். குடி."

எஸ்பென் ஒரு மிடறு குடித்தார். ஹெர்ரிங்கே தேவலாம் போலிருந்தது.

"இன்னிக்கே கேட்டு எழுதுங்க. நானே ஒப்புதல் போட்டு..."

"எழுதுறேன். மாத்தி வர எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மூணு வாரம்."

"சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயிச்சா மேல் பிரிவு. எண்ணெய்த் தளத்துல அத்தனை பேரும் உக்காந்திருப்பாங்க." ஒரு துண்டை எடுத்துக் கோப்பை துடைத்தார். "அது கிடக்கட்டும். மத்தவங்களுக்கு?"

"எந்த மத்தவங்க?"

"எனக்கு ஒரு மருமகன் இருக்கான், மேஜைக்கு அடியில வந்து சொல்லிட்டான். மத்தவங்களுக்கு யாரு இருக்கா?"

எஸ்பென் கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

சனிக்கிழமை அரங்கத்துக்கு வெளியே, மேற்குக் காற்றில், ஜன்னலுக்குக் கீழே எஸ்பென் நின்றார். குழந்தை வண்டி மழையில் ஊறிக் கெட்டுப்போயிருந்தது. நீட்டிய இரண்டு கைகளின்மேல் பலகை, பலகைமேல் லேப்டாப். அவர்தான் அன்றைக்குக் கடினமான, சமமான, குளிர்ந்த இடம்.

"சாய்க்காதே! சமமாப் பிடி!" என்று உள்ளேயிருந்து போடிலின் குரல் வந்தது.

ஹோல்கர் எட்டிப் பார்த்தார். "இவன் என்னம்மா பண்றான் இங்க?"

"கம்பெனி ஆளாச்சே. சேவை செய்யறார்."

அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எஸ்பெனுக்கு இன்னும் கனத்தது. ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. லெம்விக் பெண்கள் தோற்றார்கள். தோற்றதை இவ்வளவு தெளிவாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று எண்ணெய்த் தளத்திலிருந்து நன்றி வந்தது.

திங்கட்கிழமை காலை எஸ்பென் மாடியேறினார். வரிசையில் முதலாவது, ஸ்கிவே ஊர்த் தேனீ வளர்ப்பவர் ஒருவர். லேப்டாப்பை மாட்டுக்கொட்டிலின் கல்தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, ராஸ்முஸுக்கு நன்றி சொல்லியிருந்தார். எஸ்பென் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார்: இடத்தில் ஒன்றுமில்லை. 'வெப்பத்தகட்டை மாற்றித் தாருங்கள்' என்று கேளுங்கள், தருவார்கள். ராஸ்முஸ். அடுத்தவருக்கும் அதையே. மதியத்துக்குள் வரிசை முழுக்க.

மறுநாள் கம்பெனி கொந்தளித்தது. தகடு கேட்டு நாலு பக்கமிருந்தும் கோரிக்கை வந்து குவிந்தது. மேலதிகாரி எல்லாரையும் திரையில் கூட்டி, "யார் இதை ஆரம்பித்தது?" என்று கேட்டார். ஒரு பெயருக்குப் பின்னால் அத்தனை பேரை ஒளித்து வைத்த புத்திசாலித்தனம் கம்பெனியையே இப்போது முழிக்க வைத்தது. பதில் எழுதின ஆளை உடனே பிரித்தறிய வழியில்லை. கடைசியில் சந்தேகம் ஹோர்சென்ஸ் ஊரிலிருந்து எழுதும் கரென் என்ற பெண்மேல் விழுந்தது. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று போன வருடம் ஒரு கூட்டத்தில் அவள் கேட்டிருந்தாள். அது போதாதா?

"நான் இல்ல சார்," என்றாள் கரென். "எனக்கு அவ்வளவு தைரியம் இருந்தா எப்பவோ செஞ்சிருப்பேன்."

"நாளைக்கு விசாரிப்போம்," என்றார் அதிகாரி.

எஸ்பென் தன் ஒலிவாங்கியை அணைத்து வைத்திருந்தார். அது அணைந்தே இருந்தது.

சாயங்காலம் போடில் வீட்டுத் தோட்டத்தில் புல்வெட்டி உறுமியது. முந்தாநாள் வெட்டிய புல். போடில் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்பென்," என்றார். "இப்ப என்ன பண்ணித் தொலைச்சே?"

எஸ்பென் இயந்திரத்தை நிறுத்தினார். சொன்னார். போடில் உள்ளே போய்த் தன் போனோடு திரும்பி வந்து, அதை ஜன்னல் கட்டைமேல் வைத்துவிட்டு, காபி போடப் போனார்.

எஸ்பென் அந்தப் போனை எடுத்தார். அதிகாரியின் எண்ணை அழுத்தினார். "ஹலோ," என்றது மறுமுனை, "யார் பேசுறது?"

லெம்விக்கில் அந்தப் புல்வெளி முதல் முறையாக அன்றைக்குப் பாதி வெட்டாமல் கிடந்தது.