விபூதி பறந்த இடம்

போன ஐப்பசியில் மழை பிடித்த வாரம்தான், என் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வாந்தி. பிறகு நிற்கும்போதே சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர், தன் சொந்த மகளைக் காட்டி, "இது யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். குழந்தை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. எங்களுக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

மாமா கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் இன்ஜின் ஆபரேட்டர். கம்பெனி புதிது, பெரிய கரண்ட் லைன் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் எல்லாமே ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது. அந்த ஜெனரேட்டரைச் சுற்றுவது ஒரு பழைய கப்பல் இன்ஜின். உடைக்கப் போன கப்பலிலிருந்து கழற்றி விற்ற டர்போ டீசல். கடலே இல்லாத ஊரில் கப்பல் இன்ஜின் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேங்கிக்காலில் ஒரு ஜெனரேட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். லீவு கிடைத்தால் அந்த இன்ஜினைப் பார்க்க பஸ் ஏறிவிடுவேன். "கோயிலுக்குக் கூப்ட்டா கால் வலிக்குது. இன்ஜின்னா மட்டும் பறந்து வந்துடுற," என்று அக்கா திட்டுவாள். உண்மைதான். அப்போது சாமி எனக்கு வீட்டுக் காலண்டரில் இருக்கும் ஒரு படம். அவ்வளவுதான்.

மாமா அப்படி இல்லை. காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அதை மேலிருந்து கீழ்வரை துணியால் துடைப்பார். சந்தனம், குங்குமம் வைப்பார், கற்பூரம் காட்டுவார். மறுபடி சாயங்காலம் நிறுத்தியதும் ஒரு துடைப்பு. அந்த இன்ஜினில் முகம் பார்க்கலாம்.

ஸ்கேன் எடுத்தோம். ரத்தம் பார்த்தோம். பிரஷர், சுகர் எல்லாம் சரி. வேலை செய்கிற இடத்தில் புகை ஏதாவது உண்டா என்று டாக்டர் நேராகவே கேட்டார். "புகையா? நம்ம இன்ஜின் பூஜை ரூம் மாதிரி இருக்கும் சார்," என்றார் மாமா. பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன். புகை ஒழுகும் இன்ஜினில் கரி படிந்திருக்கும். இதில் ஒரு பொட்டு கரி இல்லையே.

வீட்டில் வேறு காரணம் சொன்னார்கள். மாமா கார்த்திகை தீபம் வரைக்கும் ஒருவேளை சாப்பாடு என்று விரதம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா வற்புறுத்தி மூன்று வேளையும் சாப்பிடவைப்பாள். ஞாயிறு சாயங்காலம் மாமா தெளிவாகிவிடுவார். "பாத்தியா, சோறு உள்ள போனா சரியாயிடுது. எல்லாம் பட்டினிதான்," என்பாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கம்பெனியும் லீவு என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

விரதத்தை விட்டார். அப்படியும் வியாதி விடவில்லை. ஒரு மதியம் இன்ஜின் ரூமிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மறுநாள் எழுந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்தார், வேலைக்குப் போனார், மறுபடி அதே மாதிரி விழுந்தார். இரண்டாவது தடவை கை ஒரு பக்கம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "திவ்யா, அடுத்த தபா இவரு எழுந்திருக்க மாட்டாருடி."

 படித்த படிப்பில் எதுவும் உதவவில்லை. அந்த நிலையில்தான் அக்கா கூப்பிட்டதும் ஒன்றும் பேசாமல் கிரிவலம் கிளம்பினேன். பௌர்ணமி இல்லை, கூட்டம் இல்லை. காலை மழையில் செருப்பில்லாமல் இரண்டு பேரும் நடந்தோம். அக்கா வழியெல்லாம் அழுதாள். பாதையில் வாயு லிங்கக் கோயிலில் நின்றபோது எனக்கு மந்திரம் எதுவும் ஞாபகம் வரவில்லை. மனதுக்குள் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணாமலையாரே, எங்களுக்கு ஒண்ணும் புரியல. இது எங்கிருந்து வருதுன்னு காட்டிடு. மீதி நான் பாத்துக்கறேன்." இப்படிக் கேட்பது மரியாதையா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன். அங்கே கொடுத்த விபூதியைப் பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் படுத்திருந்த மாமாவுக்கு நெற்றியில் வைத்தேன். கண்ணைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "இன்ஜினுக்கும் கொஞ்சம் வெச்சிட்டு வந்துடு. நான் இல்லாம ஒரு வாரமா அது அநாதையா கெடக்கும்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மறுநாளே போனேன்.

மாமாவுக்குப் பதிலாக பாஷா பாய் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார். மழை உள்ளே அடிக்கிறது என்று ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டியிருந்தது. பாய் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், தூக்கமா?"

"தூக்கம் இல்லம்மா, மண்ட இடி. உங்க மாமா வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு போல."

அதைக் கேட்டதும் ஏதோ நெருடியது. ஆனால் வந்த வேலையைப் பார்ப்போம் என்று விபூதியைப் பிரித்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடற இன்ஜினுக்கே அபிஷேகமா? கைய சுட்டுக்காத," என்றார் பாய்.

புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது டர்போ; அந்தப் பக்கம் சூடு ஜாஸ்தி. அந்தக் குழாய்களைச் சுற்றி வெப்பம் தாங்கும் தடித்த துணி கட்டியிருக்கும். எட்ட நின்று ஒரு சிட்டிகை போட்டேன். விபூதி துணியில் உட்காரவில்லை. விழுந்த இடத்திலிருந்து சின்னப் புகை மாதிரி எழும்பிப் பறந்தது. அதிர்வில் பறக்கிறது என்று நினைத்து, ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அங்கே அப்படியே நின்றது. மறுபடி பழைய இடத்தில் போட்டேன். பட பட என்று விட்டு விட்டுத் தெறித்தது. சிலிண்டருக்குள் டீசல் வெடிக்கிற அதே தாளம்.

"பாய், இன்ஜின ஆஃப் பண்ணுங்க. வெளிய வாங்க, இப்பவே."

"ஐஸ் உருகிடும்மா, மொதலாளி—"

"உருகட்டும் பாய். நீங்க வாங்க."

தார்ப்பாயைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தேன். பாயை வெளியே காற்றில் உட்காரவைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். புகைக்கசிவு என்றதும் அவர் மாமாவையும் பாயையும் உடனே அழைத்து வரச் சொன்னார். பாயின் ரத்தத்தில் அந்த விஷவாயு, கார்பன் மோனாக்சைடு, தெளிவாகத் தெரிந்தது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மாமாவை வாரக்கணக்கில் தின்றுகொண்டிருந்தது அதுதான். நோய்க்குப் பெயர் கிடைத்ததும் சரியான வைத்தியமும் ஆரம்பித்தது.

இன்ஜின் ஆறியதும் துணியை அறுத்துப் பிரித்தோம். உள்பக்கம் முழுக்கக் கரி. இன்ஜினிலிருந்து வரும் புகைக்குழாய் டர்போவோடு சேரும் இடத்தில், இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் எரிந்து போயிருந்தது. ஒரு போல்ட் உடைந்திருந்தது. புகை துணிக்குள்ளேயே ஓடி, ஓரத்தில் மெல்ல வெளியே வந்திருக்கிறது. அந்த ஓரத்தில் படிந்த கரியை மாமா தினமும் இரண்டு வேளை பக்தியாகத் துடைத்துவிட்டார். அவர் இல்லாத வாரம் பாயும் அதே மாதிரி துடைத்திருக்கிறார்.

புது கேஸ்கட் போட்டு முடுக்கினால் போதும் என்றார் முதலாளி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. டர்போவுக்கு மேலே கூரை வரை போகும் புகைக்குழாய்க்குத் தனியாகத் தாங்கியே இல்லை. அத்தனை எடையும் டர்போ மேல் உட்கார்ந்து இந்த இணைப்பை இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கூரைக் கம்பியிலிருந்து தொங்கவிட்டோம். உடைந்த போல்ட்டைச் சூடுகாட்டி எடுத்தோம். கேஸ்கட் உட்காரும் விளிம்பு கோணிப்போயிருந்தது, அதைத் திருவண்ணாமலையில் லேத் பட்டறையில் சமப்படுத்தினோம். புது போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். ஒருமுறை சூடாக ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி முடுக்கினேன். குழாய்க்குள் காற்று ஏற்றி இணைப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் சத்தமே மாறியிருந்தது. சிம்னியில் கருப்பாக விட்டுக்கொண்டிருந்த புகையும் கம்மியானது. அந்தக் கருப்புக்கு ஏர் ஃபில்டர்தான் காரணம் என்று நான் முன்பே ஒருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். தப்பான இடத்தில் தேடியிருக்கிறேன்.

விபூதி பறந்த கதையைக் கேட்டு முதலாளி சிரித்தார். "காத்து லீக் ஆனா பவுடர் பறக்கும். பவுடர் போட்டிருந்தாலும் பறந்திருக்கும். இதுல சாமி எங்கம்மா?"

"பறந்திருக்கும் சார். ஆனா பவுடர் போடணும்னு நம்ம யாருக்கும் தோணலயே," என்றேன்.

 முதலாளி சிம்னியை உயர்த்தவும், காற்றுப் போக்கி வைக்கவும், விஷவாயு வந்தால் கத்தும் கருவி மாட்டவும் ஒத்துக்கொண்டார்.

மாமா உடனே எழுந்துவிடவில்லை. ஞாபகம் மெதுவாகத்தான் திரும்பியது. ஒரு நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று திட்டினார். அவள் அழுதாள். அக்கா சமையலறையில் நின்று அண்ணாமலையார் பேரைச் சொல்லிக் கும்பிட்டாள். கை நடுக்கம் தீபத்துக்கு அப்புறம்தான் நின்றது. இப்போது வேலைக்குப் போகிறார். துடைக்கிற பழக்கம் போகவில்லை. ஆனால் டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கையில் எடுக்கிறார். கற்பூரம் அதற்குப் பிறகு.

நானும் மாறியிருக்கிறேன். மாதம் ஒருமுறை கிரிவலம் போகிறேன். வழியில் இருக்கும் சத்திரங்களில், கல்யாண மண்டபங்களில் நின்று, "உங்க ஜெனரேட்டர ஒருவாட்டி பாக்கட்டுமா?" என்று கேட்கிறேன். சிலர் விரட்டுவார்கள். சிலர் டீ கொடுத்து உள்ளே விடுவார்கள். ஒரு மண்டபத்தில் பக்தர்கள் படுக்கும் கூடத்துச் சுவரை ஒட்டியே புகைக்குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றே சரி செய்தோம். என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைப் படிக்கிற அன்பர்களே, உங்கள் வீட்டிலும் காரணம் புரியாத கஷ்டம் இருக்கலாம். அண்ணாமலையாரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். பாதி வழியில் நின்று, மழையில் நனைந்துகொண்டு, உங்களுக்கு வரும் பேச்சிலேயே கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முதலில் மூடிக் கிடக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவர் வருவதற்கு வழி வேண்டாமா?