சாமிப் பூவும் ஏர்கோனும்

கார் ஏர்கோனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. வொர்க்‌ஷாப்பில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும், ரோட்டில்தான் சுயரூபத்தைக் காட்டும். கிள்ளானில் கிளம்பும்போது ஜில்லென்று அடிக்கும். பெடரல் ஹைவேயில் பாதி தூரம் போவதற்குள் குளிர் குறைந்து, காற்று மெலிந்து, கடைசியில் மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல் புஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். கூடவே ஒரு புளித்த நாற்றம் வரும்.

நான் மட்டும் போகிற கார் என்றால் திட்டிக்கொண்டே ஓட்டியிருப்பேன். பக்கத்து சீட்டில் அப்பா இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கிள்ளானில் இடம் கிடைக்கவில்லை; பிரிக்பீல்ட்ஸில் ஒரு நிலையத்தில் மதிய நேரம்தான் கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் அவருக்கு அளவு, காப்பியும் ரசமும் அதற்குள் அடக்கம். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆகி, மூச்சுக்குத் தவித்து வார்டில் கிடந்தார். அந்த மனிதரை உச்சி வெயிலில், வாகனங்கள் நகராத ஜேமில், வெந்துகொண்டிருக்கும் காரில் வைத்துக் கூட்டிப்போக வேண்டும். கண்ணாடியை இறக்கினால் லோரிப் புகை, ஏற்றினால் புழுக்கம். அப்பா வறண்ட உதடுகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்வாரே தவிர, வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார்.

முதல் வொர்க்‌ஷாப்காரர் காரை நின்ற இடத்திலேயே முடுக்கி, காற்று வரும் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லாதானே குளுருது அக்கா?"

"ஓடும்போதுதான் நின்னு போகுது. கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க தம்பி."

"சார் வரலையா? அவருகிட்ட சொல்லிடுறேன் லா."

எங்கள் வீட்டில் சார் என்று யாரும் இல்லை. நான்தான் காரை வாங்கினேன், நான்தான் ஓட்டுகிறேன். ஏர்கோனுக்குக் கேஸ் ஏற்றி அனுப்பினார். அடுத்த பயணத்திலேயே பழைய குருடி கதவைத் திறடி ஆனது. இரண்டாவது ஆள் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். கம்ப்ரசர் போயிருந்தால் கிளம்பும்போது மட்டும் எப்படிக் குளிரும் என்று கேட்டேன். கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார். தெரியாது என்று சொல்வதில் என்ன கேவலம்? தெரியாததை மறைத்து ஏமாற்றுவதுதான் கேவலம்.

அடுத்த முறை அப்பாவை நிலையத்தில் விட்டபின், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தேன். ஒருவர் என் காரின் நோயை அப்படியே சொன்னார். ஓட ஓடக் காற்று மெலிந்து, நிறுத்தி வைத்தால் மறுபடி வருகிறதா? உள்ளே காற்று போகிற வழி அடைத்திருக்கிறது. குளிர்விக்கும் குழாய்களில் பனி கட்டிக்கொள்கிறது. முன்சீட்டுக்கு எதிரே உள்ள டப்பாவைக் கழற்றி, பின்னாலிருக்கும் வடிகட்டியைப் பாருங்கள் என்றார்.

கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது.

வடிகட்டி என்று வெளியே வந்தது ஒரு கறுத்த சதசதப்பு. அழுகிய செவ்வந்தி, மல்லிகை நார், திருநீறு கரைந்த சேறு, கரப்பான் இறக்கைகள், நடுவில் ஒரு செத்த பல்லி. விரலில் ஒட்டியது உதறினாலும் போகவில்லை. எல்லாம் அப்பாவின் பக்தி. வெள்ளிக்கிழமை தவறாமல் வைப்பர் ஓரமாகப் பூ வைப்பார். வாடினால் எடுக்க விடமாட்டார். அந்தப் பூவெல்லாம் உதிர்ந்து, வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை வழியாக இறங்கியிருக்கிறது. இந்தப் பல்லியைத் தாண்டி வந்த காற்றையா இத்தனை மாதம் இழுத்தோம் என்று நினைத்ததும் வாந்தி வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. அப்பா கால் வைக்கும் இடத்தில் விரிப்பு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. மேலேயிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஏர்கோனில் ஊறும் தண்ணீர் வெளியேறும் குழாயும் அடைத்துக்கொண்டுவிட்டது. துணி மாட்டும் கம்பி ஒன்றை நீட்டிக் காருக்கு அடியிலிருந்து குத்தினேன். கொழகொழவென்று ஏதோ தரையில் விழுந்தது.

டயாலிசிஸ் முடிந்து அப்பா கையில் கட்டோடு வந்தார். என் ஆத்திரம் அடங்கவில்லை.

"பாருங்கப்பா, உங்க பூ பண்ணியிருக்கிற வேலைய!"

"சாமி பூம்மா. குப்பையில போடாத."

அவர் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். பல்லியோடு சேர்த்து.

வடிகட்டி இல்லாமலே திரும்பினோம். காற்று சீறிக்கொண்டு வந்தது. பெடரல் ஹைவே ஜேமிலும் குளிர் குறையவில்லை. ஜெயித்துவிட்ட திமிர் எனக்கு. அப்பா மட்டும் உம்மென்று வந்தார். பூவுக்காகக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனிமே கால்ல தண்ணியும் சொட்டாது. இவ்ளோ நாளா நனைஞ்சிக்கிட்டு, ஏன்பா சொல்லவே இல்ல?"

"சொன்னா ரிப்பேர் பண்ணிடுவியே."

எனக்குப் புரியவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்தார். பழுப்புக் கறை. என் விரலிலிருந்து இன்னும் போகாத அதே நாற்றம்.

"சில்லுனு சொட்டும்மா. நீ ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, இதுல நனைச்சி உதட்டுல வச்சிக்குவேன். முழுங்கல." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது கணக்குல வராதுல்ல?"