ஓரத்தில் ஒரு கேள்விக்குறி

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாக வரமாட்டார்கள். கூட ஒருவர் வருவார், அவர்தான் பேசுவார். நோயாளி நாக்கை நீட்டுவார், கையை நீட்டுவார், அவ்வளவுதான். வயிறு யாருக்கு வலிக்கிறது என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டருக்குப் பக்கவாட்டில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். நோயாளி தமிழில் சொல்வதை ஆங்கிலக் குறிப்பாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அதற்கு மெடிக்கல் ஸ்க்ரைப் என்று பெயர். அன்னவாசலில் எங்கள் தெருவுக்கு அதெல்லாம் விளங்காது. 'டாக்டருக்கு டைப் அடிக்கிற பொண்ணு' என்பார்கள். முப்பத்தாறு வயதில் பொண்ணு என்கிறார்களே என்று நானும் திருத்தவில்லை.

அது காதால் மட்டும் செய்கிற வேலை இல்லை. மாமியார் பேசும்போது மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். மகன் பேசும்போது அப்பாவின் கையைப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவரின் தலை லேசாக 'இல்லை' என்று அசைந்தால், அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். டாக்டர் திரையில் அதைப் பார்த்ததும், "அம்மா, இந்தச் சீட்டை அங்கிட்டு கவுண்டர்ல குடுத்துட்டு வாங்க" என்று ஏதோ ஒரு தாளைக் கொடுத்துக் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிடுவார். கதவு சாத்தியதும் உண்மை வெளியே வரும். இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதே இல்லை. ஆறு வருடத்தில் தானாகப் படிந்துவிட்டது.

அப்புறம் மேசைமேல் சோப்புக்கட்டி அளவில் ஒரு மைக் வந்தது. பேசுவதைக் கேட்டு, கம்ப்யூட்டரே குறிப்பு எழுதிவிடுமாம். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது என்று முடிவு. அது எழுதுவதை நான் முதலில் படித்துச் சரிபார்த்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். தத்துப்பித்தென்று எழுதும், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். 'நெஞ்சக் கரிக்குது', 'கொடலப் பொரட்டுது' எல்லாவற்றையும் அது சரியாகப் பிடித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

இந்தப் பாதை எனக்குப் புதிதில்லை. இதற்கு முன் திருச்சியில் அமெரிக்க டாக்டர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் கம்பெனியில் இருந்தேன். அங்கேயும் முதலில் கம்ப்யூட்டர் எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள் என்றார்கள். பிறகு திருத்தவும் ஆள் வேண்டாம் என்றார்கள்.

அப்படித் தெரிந்தும் மூன்று வாரம் நான் என்ன செய்தேன்? பெயர், அளவு என்று அது அங்கங்கே விட்ட சின்னத் தப்புகளை ஒழுங்காகத் திருத்தினேன். தலையாட்டல் மைக்குக்குத் தெரியாதே, அதனால் வழக்கம்போல் கேள்விக்குறி போட்டேன். என் கையைத் தாண்டி ஒரு தப்பு டாக்டரிடம் போகக்கூடாது என்ற வறட்டு கௌரவம். ஒருநாள் டாக்டர், "பரவால்லையேம்மா, மூணு வாரமா ஒரு தப்பு கூட என் கண்ணுல படல" என்று மைக்கைத் தட்டிக் கொடுத்தார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது, என் வேலைக்கு நானே குழி வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று.

அந்த வார வியாழக்கிழமை வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்கு ரத்தக்கொதிப்பு, ஏற்கெனவே மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தது. "ஒரு நாளும் தவறலைங்க. நாந்தான் கையில எடுத்துக் குடுக்குறேன்" என்றார் மாமியார். பின்னால் நின்றவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இல்லை.

திரையில், தினமும் தவறாமல் மாத்திரை எடுக்கிறார் என்று வந்திருந்தது. நான் கேள்விக்குறி போடவில்லை. மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் போடவில்லை. டாக்டரே அவள் முகத்தைப் பார்க்கட்டும், மைக்கின் லட்சணம் தெரியட்டும் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். கேள்விக்குறி இல்லை என்றதும் அதற்குமேல் யாரையும் பார்க்கவில்லை. "மாத்திரை போட்டும் குறையலையே" என்று இன்னொன்றும் சேர்த்து எழுதினார். "ரெண்டையும் நீங்க பாக்க முழுங்கச் சொல்லுங்க" என்று மாமியாரிடம் சொல்லி அனுப்பினார். கதவருகே போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்தார். என்னால் உட்கார முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் எழுந்து கீழே மருந்துக்கடைக்கு ஓடினேன். மாமியார் வரிசையில் நின்றார். அவளை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"அதப் போட்டா தலை கிறுகிறுன்னு வருதுக்கா. வயல்ல குனிஞ்சா நிமிர முடியல. அத்தைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்னு வாங்கி மடியில முடிஞ்சுக்குவேன்."

ஒரு மாத்திரைக்கே கிறுகிறுத்தவள், இரண்டையும் விழுங்கிவிட்டு வரப்பில் நின்றால் என்ன ஆகும்? இருவரையும் மறுபடி மேலே கூட்டிப்போய் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் இரண்டையும் நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். அவர்கள் போனபின் என் பக்கம் திரும்பினார்.

"அவங்க சொன்னத அது அப்படியே எழுதிருக்கும்மா. பாக்க வேண்டியது நீங்கதானே?"

"என் தப்புதான் சார்" என்றேன். வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க டாக்டரின் கண்ணில் பட்ட ஒரே தப்பு என்னுடையதுதான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாத முடிவில் சின்ன மேசையை எடுத்துவிட்டார்கள். பழகிய ஆள் என்று என்னை வாசலில் டோக்கன் போடும் இடத்துக்கு மாற்றினார்கள். அதுவும் எத்தனை நாளைக்கோ.

போன வாரம் அந்த இருவரும் மறுபடி வந்தார்கள். "புது மாத்திரை நல்லாக் கேக்குதுங்க, கிறுகிறுப்பே இல்ல" என்றார் மாமியார். பின்னாலிருந்து அவள் 'இல்லை' என்று தலையை அசைத்தாள். கேள்விக்குறி போட எனக்கு இப்போது வரி இல்லை. டோக்கனை அவள் கையில் கொடுத்தேன்.

"நீங்க உள்ள போங்க. ஆத்தா, நீங்க கொஞ்சம் இங்கிட்டு வாங்க, ஒங்க அட்ரஸச் சரிபாக்கணும்."

ஊர், தெரு, கதவு எண் என்று மெதுவாக, ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் தனியாக உட்கார்ந்து வாய் திறந்து சொல்லியிருப்பாள். மைக் அதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கும். இந்தத் தடவையும் ஒரு தப்பு கூட இல்லை என்று டாக்டர் நினைத்திருப்பார்.