நிரப்பித் திருப்பிய பாத்திரங்கள்

கேசரி கிண்டிக்கொண்டிருந்த ஜெயந்தியின் நைட்டியில், அடிவயிற்றுப் பக்கம், அந்த ஈரத்தை முதலில் பார்த்தேன். பால் சொட்டியிருக்கும் என்றேன். பால் அவ்வளவு கீழேயா சொட்டும் என்று யோசிக்க எனக்கு மூளை போதாது. மேலும், யாரோ கொடுத்த பிரியாணி வாயில் இருந்தது.

என் மனைவி ஜெயந்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் வேலை செய்கிறாள். சிசேரியன் (வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கும் அறுவை சிகிச்சை) முடிந்து வீட்டுக்கு வந்ததும், லைன் தோழிகளும் தெருக்காரர்களும் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். தினம் ஒரு வீட்டுச் சாப்பாடு. துணைக்குப் பெரியவர்கள் இல்லாத வீடு எங்களுடையது. கும்பிடாத குறையாக ஏற்றுக்கொண்டேன். பெற்றவள் அவள்; தொப்பை எனக்கு.

வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. உட்கார்ந்தார்கள். தூங்கிய குழந்தையை எழுப்பி, மூக்கு யார் சாயல் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தையல் போட்ட வயிற்றோடு ஜெயந்தி எழுந்து உட்கார்ந்து அத்தனை பேருக்கும் சிரித்தாள். பத்தியக் குழம்போடு ஒரு கரண்டி கருணை, ஒரு அண்டா அறிவுரை.

அதையும் பொறுத்திருக்கலாம். எதிர்வீட்டு விமலாக்கா, நான் கழுவித் திருப்பிக் கொடுத்த தன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள்.

"இன்னா தம்பி, புள்ள பொறந்த வூட்லேர்ந்து வெறும் பாத்திரமா குடுப்பாங்க? ஒரு கை சக்கரையாவது போடக் கூடாதா?"

சர்க்கரை போட்டோம். நாட்டுக்கோழி கொடுத்தவருக்குச் சர்க்கரை கேவலமாக இருக்கும் என்று ஜெயந்தி கேசரி செய்தாள். செய்தி பரவியது.

"அவங்களுக்குக் கேசரி, இவங்களுக்கு சக்கரையான்னு லைன்ல பேசுவாங்க. நீங்களா போய் பதில் சொல்வீங்க?" என்றாள் ஜெயந்தி.

அப்புறம் எல்லோருக்கும் கேசரி. உதவி பெறுவதற்காக அவள் தினமும் அடுப்படியில் நின்றாள். நான் முந்திரி உடைத்துக் கொடுத்தேன்.

நைட்டியில் ஈரம் நிற்காததால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் தையலின் ஓரத்தை அழுத்தினார். சீழ் வந்தது. இன்ஃபெக்‌ஷன் (கிருமித் தொற்று) என்றார்.

"வீட்ல வேலை செய்யிறீங்களாம்மா?"

"இல்ல மேடம். சாப்பாடெல்லாம் வெளியிலேர்ந்து வருது."

"அப்ப கையில இன்னா இது, சூடு?"

"கேசரி மேடம். பாத்திரம் திருப்பிக் குடுக்க."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா பண்ணீங்க?"

"முந்திரி, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. நின்றதால் மட்டும் வந்ததல்ல, ஆனால் வேர்வையும் ஈரமும் ஓய்வின்மையும் புண்ணுக்கு ஆகாது என்றார். தொற்று உள்ளே பரவினால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார். தையலின் ஒரு பகுதியைப் பிரித்துத் திறந்தபடியே விட்டார்கள். புண் அடியிலிருந்து மேலாகத்தான் மூட வேண்டுமாம்.

மறுநாள் முதல் நான் வாசல் கேட் பக்கத்தில் எங்கள் குண்டானோடு நின்றேன். சாப்பாட்டை அங்கேயே மாற்றிக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவாமல், வெறுமையாகவே கையில் கொடுத்தேன். குழந்தை தூங்குகிறது என்றேன். அது எப்போதும் தூங்கியது.

விமலாக்கா தன் வீட்டு வாசலோடு நின்றுகொண்டாள்; சாப்பாடு வரவில்லை. குழுவில் பாதிப் பேருக்குத் திடீரென்று வீட்டில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஒரு கை சர்க்கரையில் நின்றிருந்த அன்பு. கரைவதற்கு எவ்வளவு நேரமாகும்? லைன் தோழி பர்வீன் மட்டும் எண்ணெய் வழிந்த தூக்கை வாங்கிக்கொண்டு, "கழுவினா போவுதுண்ணா. அவள எழுப்பாதீங்க" என்று படியேறாமல் போனாள். இதே நிலையில் இருக்கும் கணவன்மாரே, சாப்பாடு பர்வீன்களிடமிருந்து மட்டும் வாங்குங்கள். மற்றவர்களைவிடப் பட்டினி மலிவு.

கட்டு மாற்ற நர்ஸ் எனக்குக் கற்றுக் கொடுத்தார். காஸ் (மெல்லிய வலைத்துணி) ஆரம்பத்தில் என் விரல் மறையும் அளவுக்கு உள்ளே போனது. அந்த நாட்களில் கிழமை எனக்குத் தெரியாது. துணி போகும் ஆழம் மட்டும் தெரியும். ஒருநாள் துணி உள்ளே போகவில்லை. புதுத் தோல், ஈரமாக, இளஞ்சிவப்பாக மேலே வந்திருந்தது. ஜெயந்தி தலையைத் தூக்கி, "இன்னாச்சுங்க?" என்றாள். மிஞ்சிய துணியை அப்படியே அவளிடம் தூக்கிக் காட்டினேன்.

இப்போது வலி இல்லை. ஆனாலும் சிரிப்பு வரும்போது அவள் கை முதலில் வயிற்றுக்குப் போய்விடுகிறது. நான் எதையாவது உளற வாயெடுத்தால், அந்தக் கை போய்ச் சேரும்வரை காத்திருந்துதான் சொல்கிறேன்.