தர்மலிங்கம் அண்ணையின் அரைப் பொத்திச் சோளம்

தர்மலிங்கம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மருமகன் தொலைபேசியில் சொன்னபோது நான் கொக்குவிலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். நிமோனியாவாம். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. “கிட்னியாலை இல்லையே?” என்பதுதான் என் வாயில் வந்த முதற் கேள்வி. இல்லை என்றார். எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. ஒரு மனிதர் செத்த செய்தியில் ஆறுதல் தேடியதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் இரசாயனவியல் கற்பித்தவர்கள். அவர் எனக்கு மூத்தவர். அவருடைய சோளப் பைத்தியம் உங்களில் பலருக்குத் தெரியும். பண்டத்தரிப்பில் அவர் வளவுக்குள் போனவர் எவரும் அவித்த சோளக்கதிர், எங்கள் பேச்சில் பொத்தி, ஒன்று தின்னாமல் திரும்பியதில்லை. ஒருமுறை பாடசாலைக் கண்காட்சியில், அரைத்த சோளத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, இறங்கிய மஞ்சள் நிறத்தைப் போத்தலில் பிடித்துப் பெற்றோருக்குக் காட்டினார்.

“உந்த மஞ்சளிலை லூட்டீன், சியாசாந்தின் எண்டு ரெண்டு பொருள் இருக்கு. உதுகள் எங்கடை விழித்திரையிலையும் இருக்கு. கண்ணுக்கு நல்லதாய் இருக்கலாம் எண்டுதான் சொல்லீனம்.”

“அப்ப மாஸ்ரர், சோளன் திண்டாக் கண்ணாடியைக் கழட்டலாமோ?” என்று ஒரு தகப்பன் கேட்டார்.

“ஓம், கழட்டலாம். படுக்கேக்கை.”

அவர் அப்படித்தான். ‘இருக்கலாம்’ என்பதை ‘இருக்கிறது’ என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. எனக்கு வந்தது.

அவருக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபோது கிளினிக்குக்குக் கூட்டிப்போனவன் நான். பொட்டாசியமும் பொஸ்பரசும் கூடிய உணவை அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். சோளத்தை முற்றாக விடும்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அண்ணை ஒரு பொத்தியில் தொடங்கினால் சட்டி காலியாகும் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு முன்னால் இருந்த சோளத் தட்டை இழுத்து வைத்துவிட்டு, “அண்ணை, உது இனி உங்களுக்கு நஞ்சு” என்றேன்.

அவர் விடவில்லை. “சோளத்தின்ரை பொஸ்பரசிலை கனக்க பைற்றிக் அமிலமாய்க் கட்டுண்டு கிடக்கு. உடம்பு அதை முழுசாய் எடுக்காது. பொட்டாசியமும் கொஞ்சம் அவிச்ச தண்ணியோடை போயிடும். தண்ணியை ஊத்திப்போட்டு அரைப் பொத்தி தின்னுறன். எங்கை, பிழையைச் சொல்லும் பாப்பம்.”

பிழை இருக்கவில்லை. வாதத்தில் தோற்றவன் செய்யும் வேலையை நானும் செய்தேன். அவரை விட்டுவிட்டு அவருடைய மனைவி கமலாக்காவின் பக்கம் திரும்பினேன். “அக்கா, இவரின்ரை கதையைக் கேட்டுக் குடுத்தீங்களெண்டா, நடக்கிறதுக்கு நீங்கள்தான் பொறுப்பு.”

அக்காவின் முகம் அப்போதே கறுத்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

இறந்தவர் ஆசைப்பட்டுத் தின்றவற்றை எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று படைப்பது எங்கள் வழக்கம். தர்மலிங்கம் அண்ணையின் படையலில் சோற்றுக்கும் கறிக்கும் பக்கத்தில் அவித்த சோளம் இருந்தது. படைத்து முடிந்ததும் கமலாக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“தம்பி, நான் குடுத்தனான்.”

“எதை அக்கா?”

“வெள்ளிக்கிழமையளிலை அரைப் பொத்தி. பச்சைப்பிள்ளை மாதிரிக் கெஞ்சுவார். தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் குடுத்தனான். அதாலைதானோ தம்பி இவர் போனவர்?”

“இல்லை அக்கா. நெஞ்சிலை கிருமி பிடிச்சுத்தான் போனவர். கடைசியாய் எடுத்த இரத்தத்திலையும் பொட்டாசியம் அளவுக்குள்ளைதான் நிண்டது. அரைப் பொத்தி அவரை ஒண்டும் செய்யேல்லை.”

அக்கா படையல் பாத்திரங்களை எடுத்து அடுக்கினார். “அண்டைக்கும் நீர் உப்பிடித்தான் உறுதியாய்ச் சொன்னனீர்” என்றார். பிறகு பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டார்.

அண்ணையை அறிந்தவர்களே, அதனால்தான் அவரைப் புகழ்வதைக் குறைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அண்ணை போட்ட கணக்குச் சரி. பயம் காட்டியவன் நான். கமலாக்காவைக் காண்கிறவர்கள் இதை அவருக்குச் சொல்லுங்கள். என் வாயால் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை, நம்பவேண்டும் என்று கேட்கும் முகமும் எனக்கில்லை.

எட்டுச் செலவன்று நான் வெளிக்கிட்டபோது மருமகன் வாசல்வரை வந்தார். என் மனதைத் தேற்றத்தான் அந்தப் பகிடியைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“சோளன் தின்ன முன்னம் மாமா வாசல் கேற்றைப் பூட்டச் சொல்லுவார். நீங்கள் வந்திடுவியளாம்.”

அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பூட்டிய கேற்றுத்தான்.