கடலுக்கு இஸ்திரி

கை குலுக்குவதற்கு முன்னால் யூனா கீப்பிங் உங்கள் சட்டைக் கையைக் கிள்ளிப் பார்த்துவிடுவார். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு தரம் உருட்டுவார். நைலான் கலந்திருந்தால் உங்கள் மீதே ஆர்வம் போய்விட்டது போலச் சட்டென்று விட்டுவிடுவார். சுத்தமான கம்பளி என்றால் விரல் அங்கேயே நிற்கும். "இதை எப்பத் தூக்கிப் போடப் போற?" என்பார். போன ஈஸ்டரன்று, ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியாரின் கோட்டை அப்படிக் கிள்ளிவிட்டு, "ஃபாதர், எனக்குக் கம்பளத்துல ஒரு கொட்டகைச் சுவருக்கு இந்தப் பழுப்புதான் வேணும். அவசரமில்ல, போட்டுக் கிழிச்சதுக்கு அப்புறம் குடுங்க" என்றார். பாதிரியார் சிரித்தார். யூனா சிரிக்கவில்லை.

அப்படிச் சேர்ந்த கோட்டுகளும் போர்வைகளும் கால்சட்டைகளும் அவர் வீட்டு மாடிப்படி ஓரமாக, நிறவாரியாக மூட்டை கட்டி நிற்கின்றன. ஏறுகிறவர்கள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும். அவற்றைத் துவைத்து, சுண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, வெங்காயத் தோலிலோ தேயிலையிலோ கொதிக்கவிட்டுச் சாயம் ஏற்றுவார். அடுப்பில் எப்போதும் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். அவர் கணவர் கால்வின் நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். "எது பட்டாணி சூப்பு, எது யாரோட கோட்டுன்னு கேக்காம நான் கரண்டியைத் தொடறதில்ல" என்பார். அவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கும். யூனா திரும்பிப் பார்க்காமலே குழாயை நேராக்கிவிட்டுப் போவார்.

நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு நுனியில், முப்பத்தொரு வீடுகள் உள்ள குடா எங்களுடையது. கிளினிக்கில் நர்ஸாக நான் வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் பெண்கள் பதினோரு பேர் கம்பளம் இழுக்க உட்காருவோம். இழுப்பது என்றுதான் எங்கள் பேச்சு. மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய சாக்குத் துணியின் இழைகளுக்கு நடுவே கொக்கியை விட்டு, கம்பளி நாடாவைக் கண்ணி கண்ணியாக மேலே இழுத்துக்கொண்டே போனால், கடைசியில் வீடோ படகோ மானோ வந்து நிற்கும்.

வந்து நிற்க வேண்டும் என்பது விதி. நடப்பது வேறு. ஜாய்ஸ் தன் கலங்கரை விளக்கத்தைப் பாதியில் விட்டு மூன்று குளிர்காலம் ஆகிறது. ப்ரெண்டாவின் மூஸ் மான் மூன்று காலோடு நின்றுபோனது. எல்லாம் சுற்றிச் சுற்றி யூனாவின் அடுக்களைக்கு வந்து சேரும். அவர் காலைப் போட்டு, விளிம்பை மடித்துத் தைத்து, ஆவி காட்டித் திருப்பிக் கொடுப்பார். "ஆரம்பிக்க ஊரே இருக்கு. முடிக்க நான் ஒருத்திதான்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். பெருமையாகச் சொல்வதில்லை. மூட்டையை இறக்கி வைக்கிறவர் விடும் மூச்சோடு சொல்வார். வயது அறுபத்தொன்பது. நண்டு பதப்படுத்தும் ஆலையில் இருபத்தாறு சீசன் நின்றதில் வலது தோள் தேய்ந்துபோயிருக்கிறது. அதில் ஊசி போட்டு, ஆறு வாரம் கொக்கியைத் தொடக்கூடாது என்று போன இலையுதிர்காலத்தில் நானே சொன்னேன்.

"ஆறு வாரமா? அந்த மான் என்ன பண்ணும், கண்ணு? நொண்டிக்கிட்டே நிக்குமா?"

நான்காம் நாளே மானுக்குக் கால் முளைத்துவிட்டது.

கிளினிக்கின் காத்திருப்பு அறைச் சுவரில் மாட்ட ஒரு பெரிய கம்பளம் செய்யலாம் என்று ஆரம்பித்து வைத்தவள் நான். அந்த மட்டில் பழியில் எனக்கும் பங்கு உண்டு. யூனா ஆறடிச் சாக்கில் கரித்துண்டால் குடா முழுவதையும் வரைந்தார். அவரவர் வீட்டை அவரவர் இழுப்பது என்று பேச்சு. ஹில்டா பாட்டனுக்கு வீடில்லை. கை நடுக்கம் வந்த பிறகு வீட்டை விற்றுவிட்டு, முதியோர் குடியிருப்பில் ஓர் அறையில் இருக்கிறார். "எனக்குக் கடல்தண்ணியைக் குடுங்க" என்றார் ஹில்டா. "லெனர்டோட முப்பது வருஷம் லாப்ஸ்டர் பிடிக்கக் கடல்ல கூடு இறக்கியிருக்கேன். வீட்ல உக்காந்ததைவிட அதுமேல உக்காந்ததுதான் ஜாஸ்தி."

இறந்துபோன கணவர் லெனர்டின் இரண்டு வேலைக் கால்சட்டைகளையும் ஒரு நீலப் போர்வையையும் வெட்டிக்கொண்டு, டிசம்பர் முழுக்கவும் ஜனவரி முழுக்கவும் ஹில்டா கடலை இழுத்தார். நாங்கள் ஒரு மணி நேரத்தில் இழுப்பது அவருக்கு மூன்று வியாழக்கிழமை. கண்ணிகள் சீராக வரவில்லை. ஒன்று எழும்பி நிற்கும், பக்கத்தில் இருப்பது சாக்கோடு ஒட்டிக் கிடக்கும். யூனா ஓரக்கண்ணால் பார்ப்பார், எதுவும் சொல்ல மாட்டார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

பிப்ரவரி கடைசியில், விளிம்பு தைக்க வேண்டும் என்று யூனா கம்பளத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். அடுத்த வியாழன் அது திரும்பி வந்தது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். ஹில்டா பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கையைத் தண்ணீர்மேல் வைத்துத் தடவினார். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நிலமுனை வரைக்கும், பிறகு முனையிலிருந்து கரைக்கு. உள்ளங்கை ஓரிடத்திலும் இடறவில்லை.

"கடலுக்கு யாரோ இஸ்திரி போட்டிருக்காங்க" என்றார்.

யூனா கெட்டிலை நிரப்பப் போனார்.

"யூனா, நீயா?"

"அங்கங்க தூக்கிக்கிட்டு இருந்துச்சு, ஹில்டா. ஆணி அடிச்சு மாட்டினா இழுபடும். கொஞ்சம் சரிபண்ணேன்."

"கொஞ்சமா? இதுல என்னோடது ஒண்ணுகூட இல்லடி."

ஹில்டா கோட்டை மாட்டினார். பொத்தான்கள் போட நேரமெடுத்தது. உதவிக்குப் போன ப்ரெண்டாவின் கையைத் தட்டிவிட்டார். கடைசிப் பொத்தான் வரைக்கும் நாங்கள் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அதுதான் தண்டனை என்று நினைக்கிறேன்.

கதவு சாத்தியதும் ஜாய்ஸ், "நல்லாத்தானே இருக்கு இப்ப?" என்றார்.

"நல்லா இருக்கறது வேற. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார் ப்ரெண்டா.

யூனா கெட்டிலைத் தொப்பென்று வைத்தார். "யார் கேட்டாங்க? உன் மானுக்குக் கால் போடும்போது உன்னைக் கேட்டேனா? பாதியில விட்டுட்டுப் போவீங்க, நான் முடிக்கணும். அது மட்டும் உங்களுக்கெல்லாம் இனிக்குது." தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் குரல் அன்றுவரை அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அவ அதைப் பாதியில விடல. அதுதான் எனக்கு மறந்துபோச்சு" என்று கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

இரண்டு வியாழன் ஹில்டா வரவில்லை. தொலைபேசியில் யூனா பேசினால், வானிலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாராம். கிளினிக் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம், எங்கே கம்பளம் என்று கேட்டார்கள்.

மார்ச் நடுவில் ஒரு சனிக்கிழமை, கால்வினின் மூச்சைப் பார்க்கப் போயிருந்தேன். அடுக்களையில் சட்டம் நின்றது. கடல் முழுவதையும் யூனா உருவிப் போட்டிருந்தார். வெறும் சாக்கு தெரிந்தது. முனைப்பக்கம் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் புதிதாக இழுத்திருந்தார்.

"நாலு நாளா அவள மாதிரி இழுத்துப் பாக்குறேன்" என்றார். "ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இழுக்குறேன். தடவிப் பாரு."

தடவினேன். பெரிது, சிறிது, பெரிது, சிறிது. வேலி மாதிரி வரிசையாக இருந்தது.

"என் கைக்குத் தப்பா வரமாட்டேங்குது, கண்ணு" என்றார் யூனா. முகத்தில் அழுகை எதுவும் இல்லை. இரண்டு நாள் தூங்காத கண்கள் மட்டும் இருந்தன.

நாற்காலியிலிருந்து கால்வின், "இவ செத்து மேல போனாலும்... மேகத்தைப் பிரிச்சு... திரும்ப இழுப்பா" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "போயேன்டி அவகிட்ட. இங்க உக்காந்து சாக்கை முறைச்சா ஆச்சா?" என்றார்.

"என்னன்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத. சொல்லித்தான் கெடுத்துக்குவ."

நானும் யூனாவும் சட்டத்தைப் போர்வையில் சுற்றி, பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கவைத்துக் கட்டினோம். குடாவில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை. யூனாவின் மடியில் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. அதற்குள் லெனர்டின் கால்சட்டை நாடாக்கள். முதல் முறை, ஹில்டா இழுத்ததை உருவியபோது தூக்கிப் போட மனம் வராமல் பையில் போட்டு வைத்திருக்கிறார். கண்ணியாக நின்ற சுருட்டை அவற்றில் இன்னும் போகவில்லை.

ஹில்டா கதவைத் திறந்தார். சட்டத்தைப் பார்த்தார், வெறும் சாக்கைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"உள்ள வாங்க, குளிரு அடிக்குது" என்றார். அவ்வளவுதான். டீ போட்டார். டின் பாலை மேஜையில் கொஞ்சம் சிந்தினார். யூனாவின் கை துணியை எடுக்கப் போய், பாதி வழியில் நின்று, மடிக்குத் திரும்பியது. ஹில்டாவே துடைத்தார்.

டீ முடிந்ததும் ஹில்டா கொக்கியை எடுத்துக்கொண்டு சட்டத்தின் முன் உட்கார்ந்தார். வலது கை மேலே கொக்கியைப் பிடிக்க வேண்டும். இடது கை சாக்குக்கு அடியில் நாடாவைப் பிடித்து, இறங்கி வரும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். குளிர்காலத்துக்குள் நடுக்கம் ஏறியிருந்தது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருந்தன. ஒரு கண்ணிகூட ஏறவில்லை. ஆறேழு முறை பார்த்துவிட்டு ஹில்டா கொக்கியை மடியில் வைத்தார்.

"நேரமாயிடுச்சுடி. பேசாம நீயே இழுத்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யூனா அந்தக் கொக்கியை எடுக்கவில்லை. நாற்காலியைச் சட்டத்துக்கு மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தேய்ந்த தோளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்த்தி, கையைச் சாக்குக்கு அடியில் நீட்டி, நாடாவைப் பிடித்தார்.

"எங்க வேணும்?"

"முனைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். அங்கதான் எங்க முதல் கூடு இருக்கும்."

கொக்கி நடுங்கிக்கொண்டே இறங்கியது. முதல் தடவை நாடாவில் படவில்லை. இரண்டாம் தடவை யூனாவின் விரலில் இறங்கியதை அவர் முகத்தில் பார்த்தேன்.

"குத்திடுச்சா?"

"இல்ல. இழு."

ஒரு கண்ணி எழும்பி வந்தது. தேவைக்கு மேல் உயரமாக, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஹில்டா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி கொக்கியை இறக்கினார். அது திரும்பவும் விரல்மேல்தான் வந்து விழுந்தது. யூனா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாக்குக்கு அடியில், குத்திய கொக்கி நுனியை விரலாலேயே தடவிக் கண்டுபிடித்து, நாடாவை அதில் மாட்டிவிட்டார்.